அம்பாசிடரில் பாய்ந்த அம்பு

புது மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. மாமனார் வீட்டு ரேடியோ கரகரத்தால் அவன்தான் எழுந்து போய் அதன் தலையில் தட்டுவான். எழுபதுகளின் கடைசியில், செங்கல்பட்டில், நான் அப்படி ஒரு புது மாப்பிள்ளை.

என் மனைவி நூர்ஜஹானின் அண்ணன் சலீமுக்குக் கப்பலில் வேலை. லீவில் வந்தபோது அமெரிக்காவிலிருந்து ஒரு காம்பவுண்டு வில் கொண்டுவந்தான். இரு முனையிலும் சக்கரம், நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. வில்லும் சைக்கிளும் சம்பந்தம் செய்துகொண்ட மாதிரி இருந்தது.

"இத்த எப்டி மச்சான் செட் பண்றது?" என்று ஒரு சின்ன உறுப்பைக் காட்டினான். அம்பு தாங்கி. கைப்பிடிக்கு மேலே இருக்கும். நாணை விடும்வரை அம்பு அதன்மேல்தான் படுத்திருக்கும். மேலும் கீழும் நகர்த்தி ஸ்க்ரூவை முடுக்கலாம். எந்த உயரத்தில் என்பதுதான் கேள்வி.

"எங்கிட்ட வுடு" என்றேன். (பள்ளி நாடகத்தில் பிடித்த மூங்கில் வில்தான் என் முழு அனுபவம். அதுவும் வாயிற்காப்போன் வேஷம்.) தாங்கியை முடிந்த மட்டும் உயர்த்தினேன். முனை வானத்தைப் பார்த்தால் அம்பு தூரம் போகும் என்பது என் விஞ்ஞானம்.

ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் அம்பாசிடரில் மொத்தக் குடும்பமும் மாமல்லபுரம் போனோம். சவுக்குத் தோப்பில் வைக்கோல் அடைத்த சாக்கை நிறுத்தினோம். எல்லோரையும் என் முதுகுக்குப் பின்னால் நிற்கவைத்தேன்.

"மாப்ள, சாக்குக்குப் பின்னால நம்ம வண்டி நின்னுகினு இருக்குதே?" என்றார் மாமா.

"அம்பு சாக்கைத் தாண்டுனாத்தானே மாமா!"

பிஸ்மில்லா சொல்லி இழுத்து விட்டேன். அம்பு துள்ளி, தலைகீழாகச் சரிந்து, சாக்குக்குக் கீழே புகுந்து, மணலைச் சீவிக்கொண்டு ஓடியது. பிறகு 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட பெருமூச்சு.

"யா அல்லா, வண்டி உக்காருது!" என்று அலறினார் மாமியார்.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். டயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சலீம் மணலில் புரண்டு சிரித்தான். அப்படியே கடலுக்குள் நடந்து இலங்கைக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

நூர்ஜஹான் மட்டும் போய் அம்பைப் பிடுங்கி வந்தாள். "இன்னாங்க, அம்பு வால்ல கீழ்ப்பக்கத்து றெக்க மட்டும் பிஞ்சிகீது பாருங்க."

பார்த்தேன். மண்டையில் பல்பு எரிந்தது. தாங்கி உயர்ந்ததால் அம்பின் வால் தாழ்ந்திருக்கிறது. பாயும்போது வால் தாங்கியில் இடித்து எகிற, முனை கவிழ்ந்துவிட்டது!

சலீமை ஸ்டெப்னி மாற்ற அனுப்பிவிட்டு, அவன் டூல்ஸ் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். தாங்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். நாணுக்கும் அம்புக்கும் நடுவே தீப்பெட்டியின் மூலையை வைத்துப் பார்த்தாள் நூர்ஜஹான். இடுக்கில்லாமல் பொருந்தியது. செங்கோணம். (தீப்பெட்டி அதே பையில் கிடந்தது, சலீமுடையது. அவன் சிகரெட் பிடிக்கும் விஷயம் மாமாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் சிரிப்பு நின்றது.)

"இன்னொரு தபா வுடு மாப்ள. நான் வண்டிய ரோட்டாண்ட எட்துகினு போய்ட்றேன்" என்றார் மாமா.

வண்டி போனதும் விட்டேன். அம்பு கோடு போட்ட மாதிரி போய்ச் சாக்கின் நட்டநடுவில் இறங்கியது. மாமா வந்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். "அட்ரா சக்கை!" என்றார். அன்று நான் சாப்பிட்ட பிரியாணிக்கு இன்றுவரை ஈடில்லை.

இன்றும் எந்தக் கல்யாணத்துக்கு நான் போனாலும் சலீம் வாசலிலிருந்து கத்துவான்: "காரெல்லாம் எட்து உள்ள வுடுங்கப்பா, மச்சான் வர்றாரு!"

மாமா இருந்தவரை சொன்ன கதை வேறு. "ஒரே அம்பு. கார் டயரையே தொளச்ச கை, நம்ம மாப்ள கை" என்று என் தோளைத் தட்டி எல்லோருக்கும் அறிமுகம் செய்வார். நான் குறிவைத்தது சாக்குக்கு என்பதைக் கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பேன்.