மச்சான் சொல்லிக்கொடுத்த கட்டு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தன் கைப்பட எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம், என் வலது கையைத் தவிர, அதுவும் சுகம்தான். தங்கள் முழங்கால் எப்படி?

நம் கண்ணாடிக் கடையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் யாரையும் கண்ணயர விடாமல் டூர்னிக்கெட் பழக்குவீர்களே, நினைவிருக்கிறதா? ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே அகலத் துணியைக் கட்டி, குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கணும் என்று. அடிபட்டவன் வேஷம் எப்போதும் எனக்கு. “படுத்துக் கிடக்கிற வேலைக்கு நம்ம மாப்பிள்ளைய விட்டா ஆள் ஏது?” என்பீர்கள். கடையே சிரிக்கும். பில் போடும் உங்கள் தங்கை மட்டும் சிரிக்காமல் கவனிப்பாள். அந்த மத்தியானங்களை இப்போதும் தேடுகிறேன் மச்சான். நீங்கள் மகனோடு இருக்கப் போனபிறகு கடையில் பேச்சுச் சத்தமே இல்லை.

போன வாரம் அலமாரிக் கண்ணாடி நழுவி, என் வலது கையை முழங்கைக்குக் கீழே பிளந்துவிட்டது. ரத்தம் குழாய் மாதிரி அடிக்கிறது. இவள் துணியை வைத்து அழுத்தினாள், நிற்கவில்லை. “பெல்ட்டால கட்டு!” என்று கத்தினேன். “பெல்ட் சரியா இறுகாது, அண்ணன் சொல்லியிருக்கார்!” என்று என் புதுச் சட்டையைக் கிழித்துக் கட்டி, சாப்பாட்டுக் கூடையிலிருந்த கரண்டியைச் செருகி முறுக்கினாள் பாருங்கள், வெட்டுப்பட்டபோது வராத அலறல் அப்போதுதான் வந்தது. “உயிர் போகுதே, கொஞ்சம் தளர்த்தேன்!” “தளர்த்தினாத்தான் போகும். வாயை மூடுங்க!” கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் சொன்னது எதையாவது இப்படி ஞாபகம் வச்சிருக்காளா, நீங்களே சொல்லுங்க. போதாக்குறைக்கு, கட்டின நேரம் டாக்டருக்குத் தெரியணுமாம், கண்ணாடியில அளவு எழுதுற மார்க்கரால என் நெத்தியில எழுதிட்டா. ஆஸ்பத்திரியே சிரிச்சுது. டாக்டர் மட்டும் சிரிக்கல. “இதைக் கட்டினது யாரு? இந்தக் கட்டு இல்லேன்னா இவர் உயிரோட வந்து சேர்ந்திருக்க மாட்டார்”ன்னார். இவ உடனே, “எங்க அண்ணன்”னா! முறுக்கினது இவ, பேரு உங்களுக்கு.

தையல் போட்டாச்சு. விரலெல்லாம் நல்லா அசையுது. முழங்கால் வலியோட நீங்க அலைய வேண்டாம். அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கமும் பொடிசுகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, அவர் சொல்லச் சொல்ல எழுதினது நான்தான். என்னைத் திட்டினதைக்கூட மாத்தல. விரல் அசையுதுங்கிறது பொய். ரெண்டு விரல் அசையவே இல்லை. பயிற்சி செஞ்சா சரியாகும்னு டாக்டர் சொல்றார். நான் கூப்பிட்டா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிறார். இனிமே கண்ணாடியைத் தொட முடியாதோன்னு பயம், வெளியே சொல்ல மாட்டேங்கிறார். நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஒரு அதட்டு போட்டா செய்வார். கிளம்பி வாங்கண்ணா.