சங்கு மாஸ்டரின் சுருதி

மலேசியாவின் கேமரன் மலையில் பியானோவைப் பார்த்து "நீதான் தப்பு" என்று சொன்ன மனிதர் ஒரே ஒருவர்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடைகளை எடைபோட்டு எழுதும் கிராணி அவர். தோட்டத்துக்கு அவர் சங்கு மாஸ்டர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர், மாஸ்டருக்குக் கற்றுக்கொடுத்த பிடிலையும் ஒரு கட்டு இசைத்தாள்களையும் விட்டுப் போனார். சுருதி சேர்க்க ஒன்றும் விட்டுப் போகவில்லை. மாஸ்டர் அதற்கெல்லாம் அசரவில்லை. காலையில் ஆலைச் சங்கு ஊதும்போது தந்தியை முறுக்கி அதோடு சேர்த்துக்கொண்டார். பத்து வருஷம் அதுதான் சுருதி. பாய்லர் பழுதாகி மூன்று நாள் சங்கு ஊதவில்லை. மூன்று நாளும் ஒத்திகை ரத்து.

ஆபீஸ் கிராணியான என்னையும் சேர்த்து ஐந்து பேர் அவர் குழுவில் பிடில் வாசித்தோம். எங்களை வரிசையாக நிறுத்தி, காய்ந்த தேயிலைக் குச்சியை வீசி நடத்துவார். ஒருமுறை வேகத்தில் குச்சி பறந்து பெரிய கிராணியின் தேநீரில் விழுந்தது. மாஸ்டர் நிறுத்தவில்லை. காதில் செருகியிருந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

பிரிஞ்சாங்கில் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரைப் பாதி வாசிப்பில் எழுப்பி, சுருதி ஏறியிருக்கிறது என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்க, எங்கள் தோட்டத்துச் சங்கை வைத்து என்றார் இவர். பந்திக்கு முன்பே லோரி ஏறி ஓடிவந்தோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு யோகம் வந்தது. ஈப்போவில் பெரிய வாத்தியக் குழு நடத்துகிறவர், தோட்டத்து கிளப்பில் எங்களைக் கேட்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பிடித்திருந்தால் தன் குழுவை ஒரு நாள் மாஸ்டர் நடத்தலாம் என்றார். நாற்பது பேர். மாஸ்டர் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று மேனேஜரின் மனைவி எங்களோடு பியானோ வாசிப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் கிளப்புக்கு ஒரு கடிதம் கொண்டுபோனவன், சும்மா பியானோவைத் தட்டிப் பார்த்தேன். எங்கள் சங்கைவிட அரை சுரம் மேலே இருந்தது. மாஸ்டரிடம் சொல்லியிருந்தால், ஐந்து பிடிலையும் ஏற்றிப் பழக ஒரு முழு நாள் இருந்தது. நான் சொல்லவில்லை. நாதஸ்வரக்காரரையே எழுப்பியவர் பியானோவை என்ன செய்வார் என்று பார்க்க எனக்கு ஆசை. சிரிக்க ஒரு கதை கிடைக்குமே என்ற அற்ப ஆசை.

கதை கிடைத்தது. முதல் வில் இழுத்ததும் சபை முகம் சுளித்தது. மாஸ்டர் குச்சியைப் பியானோவுக்கு நேரே நீட்டி அந்த வார்த்தையைச் சொன்னார். அந்த அம்மாள், இதை இறக்க முடியாது என்றார் பாவமாக. அவசரமாகத் தந்திகளை ஏற்றினோம். குளிரில் விறைத்த பழைய தந்திகள், மூன்று பிடிலில் அறுந்தன. சபை சிரித்தது. நானும் சிரித்தேன். ஈப்போக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

திரும்பும்போது லோரியில் மாஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒம்மேல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல லா," என்றார். "ஒனக்கு நல்ல காது. முன்னமே தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்ப."

"ஆமா மாஸ்டர்," என்றேன்.

அதன் பிறகு அவர் குச்சியைத் தொடவில்லை. ஓய்வு பெற்றுத் தாப்பாவில் மகள் வீட்டுக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் தக்காளி விலையைப் பேசிவிட்டு வந்தேன். மூன்றாம் முறை போனது அவர் சாவுக்கு.

ஆலையில் இப்போது சங்கு இல்லை, மின்சார மணிதான். என் பிடில் மட்டும் அந்தப் பழைய சுருதியிலேயே இருக்கிறது. கேட்கிறவர்கள் இறங்கியிருக்கிறதே என்கிறார்கள். தெரியும் என்கிறேன்.