குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனவர்

மொன்றியல் தீவில் சட்டம் இயற்றியவர்களிலேயே சுருக்கமானவர் எங்கள் லேபிள் அண்ணைதான். மொத்தமே மூன்று சட்டங்கள். மூன்றையும் ஒரு வெற்று லேபிளில் எழுதிச் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் ஒட்டியிருந்தார்.

சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலை. பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது அவர் வேலை. மத்தியானச் சாப்பாட்டு அரைமணியில் ஒரு கோட்டைக் கதையை நடத்துவார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம், நான் குதிரைவீரன். முதல் சட்டம்: என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லவேண்டும், இக்கட்டு வந்தால் லூடோக் கட்டையை உருட்டவேண்டும். இரண்டாவது: நாலும் அதற்கு மேலும் விழுந்தால் காரியம் முடிந்தது. மூன்றும் அதற்குக் கீழும் விழுந்தாலும் முடிந்ததுதான், ஆனால் ஒரு வில்லங்கத்தோடு. மூன்றாவது சட்டம்: வராத ஆள் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார், அவரை யாரும் சாகடிக்கக்கூடாது. குதிரை என்னுடையது. என்னை யாரும் கேட்கவில்லை.

இந்த மாதிரிக் கதை விளையாட்டு இப்போது இங்கே காபிக் கடைக்குக் கடை நடக்கிறது. அங்கே ஆடிப் பழகிய சென்னை மாணவன் கார்த்திக், இதெல்லாம் ஆட்டமே இல்லை என்று செங்கல் தடிப்பில் ஒரு விதிப்புத்தகத்தோடு வந்தான். முதல் நாள் எங்கள் வீரர்களின் பலத்தைக் கூட்டினோம். இரண்டாம் நாள் கழித்தோம். மூன்றாம் நாள் பூதம் கதவைத் தட்டும்போது மணி அடித்துவிட்டது.

“தம்பி, உங்கட ஆள் பிறக்கவே மூண்டு நாள் சென்றுது,” என்றார் அண்ணை. “நாங்கள் அரை மணித்தியாலத்தில வாழ்ந்து முடிக்கவேணும்.”

அடுத்த வாரம் கார்த்திக்கே அந்தப் புத்தகத்தை ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுத்தான்.

வேலையிலும் மனிதர் இரண்டாம் சட்டப்படிதான் நடந்தார். லொறியில் ஏற்றியாயிற்றா என்று மேற்பார்வையாளர் அம்மா கேட்டால், “வுய், மே…” என்று பிரெஞ்சில் ‘ஆம், ஆனால்’ போட்டு இழுப்பார். அந்த ‘மே’யைக் கேட்டதுமே அம்மா லொறியடிக்கு ஓடுவார்.

எனக்கு மூன்றாம் சட்டம்தான் பிடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஏஜென்சி ஆட்கள். நாளைக்கு வா என்று செய்தி வந்தால்தான் வேலை. மன்னார்ப் பெடியன் ஒருவன் இரண்டு வாரமாக வரவில்லை. கதையில் நாங்கள் எடுத்த புதையலில் அவன் பங்கு சும்மா கிடந்தது. அவனைப் பூதம் விழுங்கியதாக முடித்துவிடுங்கள் என்றேன்.

அண்ணை பெட்டியை மூடினார். “வேலையில ஆளைக் கழிக்கிறது காணாதெண்டு இஞ்சையும் கழிக்கிறதோ?”

ஒரு மாதத்தில் எனக்கும் செய்தி நின்றது. வெட்கத்தில் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்து, என்னை எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். பிறகு அதே பண்டகசாலைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் பாதிப்பேர் புதுமுகங்கள். சுவரோரம் நின்றே சாப்பிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன்.

அண்ணை நிமிரவேயில்லை. பக்கத்தில் இருந்த புதியவரிடம், “கொஞ்சம் தள்ளி இருங்கோ. தண்ணி காட்டப் போனவர் வந்திட்டார்,” என்று சொல்லிக் கட்டையை என் பக்கம் தள்ளினார்.

உருட்டினேன். இரண்டு.

“வந்தாச்சு, ஆனா ஒரு வில்லங்கம். எட்டு மாசம் தண்ணி குடிச்ச குதிரை, வயிறு ஊதிப்போச்சு. இனி ஏறேலாது, நடந்துதான் வரவேணும்.”

மேசை முழுக்கச் சிரித்தது. நடந்தே வருகிறேன் அண்ணை என்றேன்; அவரோடு எவ்வளவு தூரமும் நடந்திருப்பேன்.