கோடு கோட்டோடு இருக்கிறதா?

சபையில் நூற்றிருபது பேர் முன்னால் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

"ஆற்காட்டுக் கூடுகைக்கு வேன் வேண்டாம். நம்ம பெண்கள் சங்கத்து அக்காமார் நாலு பேரையும் நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். போதகரம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகியும் எங்கள் வீட்டுக் காரை நான் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. அடுத்தது, மூன்றாவது பெஞ்சில் என் வீட்டுக்காரர் ஜெயகரன் உட்கார்ந்திருந்தார். அந்த நூற்றிருபது பேரில் கை தட்டாத ஒரே ஆள் அவர்தான்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சத்துவாச்சாரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவர். அங்கே மேஜைமேல் தோலை விரித்துப் போடுவார்கள். இவர் குனிந்து பார்ப்பார். பூச்சிக்கடி, முள் கீறல், கத்தி பட்ட இடம், எல்லாவற்றையும் சில்வர் பேனாவால் வட்டம் போட்டுவிடுவார். அப்புறம் அந்தத் தோலை யாரும் பார்க்க மாட்டார்கள். கோட்டைத்தான் பார்ப்பார்கள். வெட்டுகிறவன் கோட்டை விட்டு வெட்டுவான். கேள்வி கிடையாது.

ரிடையர் ஆனார். பேனா ரிடையர் ஆகவில்லை. ஃபேன் ரெகுலேட்டரில் கோடு. மிக்ஸி குமிழில் கோடு. குழாயை எவ்வளவு திறக்கலாம் என்று குளியலறையில் கோடு. ஒரு நாள் நான் அசந்து தூங்கினால் என்மேலும் போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

போன வருஷம் எங்கள் மகன் நெல்வின் ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்தான். இவர் அதில் ஏறி உட்கார்ந்தார். சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளினார். சாய்மானத்தைப் பின்னால் சாய்த்தார். ஸ்டீயரிங்கை எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே ஏற்றினார். நடுக் கண்ணாடியைத் தன் மீசை தெரிகிற மாதிரி திருப்பிக்கொண்டார். லாங் பஜாரில் ஒரு கைவண்டி இடித்துவிட்டுப் போன நாளிலிருந்து இடது பக்கக் கண்ணாடியை மடக்கியே வைத்துவிட்டார்.

"ஜோரா உக்காரணும்மே. முதலாளி மாதிரி."

முதலாளி பின் சீட்டில் அல்லவா உட்காருவார் என்று நான் கேட்கவில்லை. அவர் சீட்டின் ஓரத்தில் ஒரு கோடு, கீழே சீட்டு நகர்கிற தண்டவாளத்தில் அதற்கு நேராக இன்னொரு கோடு போட்டார். சாய்மானத்துக்கு ஒரு ஜோடி, ஸ்டீயரிங் தண்டுக்கு ஒரு ஜோடி. தினமும் காலையில் டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பார். கோடும் கோடும் நேராக இருந்தால், "ஓகே."

இப்படிக் கையை நீட்டிக்கொண்டு, கால் நுனியால் கிளட்ச்சை எட்டி எட்டி மிதித்து ஓட்டி, அவருக்கு இடுப்பு வலி. தோள்பட்டை வலி. கழுத்து வலி. சாயந்திரம் ஆனால் தைலம் தேய்க்கிறது நான்தான்.

சபை முடிந்து வீட்டுக்கு வந்தோம்.

"இன்னாமே புஷ்பம், அப்டி சொல்லிட்ட?"

"சொல்லிட்டேங்க."

"வண்டி யாருது?"

"நெல்வின் வாங்கிக் குடுத்தது."

"யாருக்கு?"

"நம்ம ரெண்டு பேருக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்தால்தான் எனக்குக் கவலை.

"ஓட்டு. நான் இன்னா தடுக்கவா போறேன்? ஒரே கண்டிஷன். என் செட்டிங்கத் தொடக்கூடாது. கோடு ஒரு நூல் நகர்ந்தாலும் சாவி பீரோவுக்குள்ள போய்டும்."

போய் உட்கார்ந்து பார்த்தேன். கிளட்ச்சுக்கும் என் செருப்புக்கும் நடுவில் ஒரு பூனை படுத்துத் தூங்கலாம்.

"எட்டுதா?"

"எட்டலீங்க."

"அப்ப வேன் சொல்லிடு. ஏழு வாரம் இருக்குது. அவசரமே இல்ல."

விசிலடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொன்ன வார்த்தையை மாற்றிச் சொல்ல நான் எந்த முகத்தோடு அந்தப் பெஞ்சுகளுக்கு முன்னால் நிற்பேன்?

பக்கத்து வீட்டு ஷஹீன் பானுவிடம் போனேன். எல் போர்டு மாட்டிய காரில் பெண்களுக்கு ஓட்டக் கற்றுத் தருகிறவள். எனக்குக் கற்றுத் தந்ததும் அவள்தான். நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆண்ட்டி, அங்கிள் உக்கார்றதே தப்பு. கிளட்ச்ச முழுசா அமுக்கறப்போ முழங்கால் கொஞ்சம் மடங்கி இருக்கணும். தோள் சீட்ல ஒட்டிக்கினே, மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல உக்காரணும். ஸ்டீயரிங் நெஞ்சப் பாக்கணும், மூஞ்சியப் பாக்கக்கூடாது. அவர் ஓட்டறது இல்ல, தொங்கறது!"

"அதாம்மா வலி."

"வலி போவட்டும். பிரேக்க முழுசா மிதிக்க முடியலன்னா இன்னா ஆவறது? சரி, உங்களுக்கும் அவருக்கும் உயரம் எவ்ளோ வித்தியாசம்?"

"அரை அடின்னு சொல்வாரு. நாலு விரல்கடைதான்."

"அப்ப கேளுங்க. அவர் உக்கார வேண்டிய எடத்துல சீட்டு இருந்தா, முதுகுக்கு ஒரு மெத்த வச்சிக்கினு நீங்களும் அதுலயே ஓட்டலாம்."

அங்கேதான் எனக்கு வெளிச்சம் வந்தது. என் வீட்டுக்காரர் சீட்டைப் பார்க்கிறதில்லை. கோட்டைத்தான் பார்க்கிறார்.

இது சரியா தப்பா என்று மூன்று நாள் ஜெபத்தில் கேட்டேன். வேண்டாம் என்று பதில் வரவில்லை.

முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து, மட்டன் குழம்பு சாப்பிட்டு, இவர் குறட்டை விட ஆரம்பித்தார். நான் எங்கள் மகள் ரெனிட்டா விட்டுப்போன நகப்பூச்சு ரிமூவரையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு காருக்குள் மண்டியிட்டேன். சீட்டை இரண்டு க்ளிக் முன்னால் தள்ளினேன். தண்டவாளத்தில் இருந்த கோட்டை அழித்தேன். அவருடைய பேனாவாலேயே புதுக் கோடு போட்டேன். அவர் கோடு போலவே, கடைசியில் ஒரு சின்ன வால் வைத்து.

திங்கள் காலை டார்ச் அடித்தார்.

"ஓகே," என்றார்.

அடுத்த ஞாயிறும் இரண்டு க்ளிக். மூன்றாவது ஞாயிறு சாய்மானத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். நாலாவது வாரம் புதன்கிழமை, தைலப் புட்டியோடு போனால் வேண்டாம் என்றார்.

"வலி கம்மியாய்டுச்சுமே."

"ஸ்தோத்திரம்! எப்படீங்க?"

"உடம்பு என் செட்டிங்குக்குப் பழகிடுச்சு. அவசரப்பட்டு மாத்தியிருந்தா? அதான் ஒரு தடவ வச்சா வச்சதுதான்னு இருக்கணும்."

"ஆமாங்க," என்றேன். அதுவும் பொய்யில்லை. ஏதோ ஒன்றுக்கு ஆமாம்.

ஐந்தாவது ஞாயிறு ஸ்டீயரிங்கை இரண்டு விரல் இறக்கினேன். ஆறாவது ஞாயிறுதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். சாயந்திரம் டீ கொடுக்கும்போது என் விரலைப் பார்த்துவிட்டார்.

"இன்னாது, விரல்ல சில்வரு?"

"காருக்குள்ள தொடச்சேங்க."

"தொடச்சியா!" டீயை வைத்துவிட்டு டார்ச்சோடு ஓடினார். நான் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம். வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"நல்லவேள. கோடு கோட்டோட இருக்குது. இனிமே தொடைக்கிற வேலயெல்லாம் வச்சிக்காத."

ஏழாவது ஞாயிறு கடைசி இரண்டு க்ளிக். மிச்சம் இருந்தது கண்ணாடிகள். அதற்கு ஒளிவுமறைவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவரிடமே நேராகக் கேட்டேன்.

"ஏங்க, கண்ணாடியில கோடு இல்லியே. அது உங்க செட்டிங்ல சேருமா?"

கண்ணாடியில் கோடு போடாததை அவர் அப்போதுதான் கவனித்தார். தப்பு தன் பேரில் என்று ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை.

"சேராது. கண்ணாடி வேற டிபார்ட்மென்ட்டு."

மடக்கி வைத்திருந்ததை விரித்தேன். இரண்டு பக்கமும் எங்கள் காரின் ஓரம் ஒரு நூல் தெரிய, மிச்சமெல்லாம் ரோடு தெரிகிற மாதிரி வைத்தேன். நடுக் கண்ணாடியில் பின் கண்ணாடி முழுசும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை. சங்கத்து அக்காமார் நாலு பேரும் பட்டுச் சேலையில் வாசலில் நின்றார்கள். வேனுக்கு யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சாட்சிக்கு ஆள் கூப்பிட்டிருந்தார்: ஷஹீன் பானுவின் கணவர் சுஹேல் அகமது.

"பாய், நீங்களே பாருங்க. கோடு கோட்டோட இருக்குதா?"

சுஹேல் அகமது குனிந்து பார்த்தார். "இருக்குது சார்."

"இதுல இவங்க ஓட்டணும். எதையும் தொடாம. பாவம், ஆசப்பட்டாங்க." அக்காமார் பக்கம் திரும்பினார். "நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ புடிச்சிக்கலாம். நானே ஆட்டோக்குச் சொல்றேன்."

"ஏங்க, முதுகுக்கு ஒரு மெத்தை வச்சுக்கட்டுமா?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு வச்சிக்கோ."

ஒன்று போதும். உட்கார்ந்தேன். கிளட்ச்சை அடி வரைக்கும் அமுக்கினேன். முழங்கால் கொஞ்சம் மடங்கி நின்றது. பிரேக்கும் அப்படியே. தோள் ஒட்டியிருக்க, மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல் உட்கார்ந்தது. மூன்று கண்ணாடியையும் பார்த்தேன். பெல்ட்டைப் போட்டேன்.

"அக்கா, ஏறுங்க."

நாலு பேரும் ஏறினார்கள். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. நடுக் கண்ணாடியில் என் வீட்டுக்காரர் தலை முதல் கால் வரை தெரிந்தார். வாய் திறந்திருந்தது.

ஆற்காடு வரைக்கும் அக்காமார் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள். திரும்பும்போது மூத்தவர், "இனிமே மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழம உன் வண்டிதான்மா," என்றார். இந்த முறையும் நான் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் தெளிந்துவிட்டிருந்தார். காம்பவுண்டு சுவரில் சாய்ந்து சுஹேல் அகமதுவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா பாய்? செட்டிங்குன்னா இது. குட்டையோ நெட்டையோ, யார் உக்காந்தாலும் கரெக்டா நிக்கும். இருபத்தெட்டு வருஷ சர்வீசு."

என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"சாவி. சபையில சொன்ன வார்த்த காப்பாத்தியாச்சு. இதோட முடிஞ்சுது."

"ஏங்க, மாசாமாசம் வர்றேன்னு..."

"முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது."

சாவி பீரோவுக்குள் போனது. சோறு வடித்தேன். ரசம் வைத்தேன். ஏழு மணிக்கு வழக்கம்போலக் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தேன். அன்றைக்கு ஜெபிக்கிறது என் முறை. எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு நடுவில் யாரும் பேச மாட்டோம். முடிந்ததும் ஆமென் சொல்லாமல் எழுந்திருக்கவும் மாட்டோம். அவர் அப்பா காலத்து வழக்கம்.

கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இன்னைக்கு எங்களப் பத்திரமா கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தீர், ஸ்தோத்திரம். உமக்கு மறைவா ஒண்ணும் இல்ல. ஏழு ஞாயித்துக்கிழமையும் இவர் தூங்கறப்போ சீட்டை முன்னால தள்ளி, கோட்டை அழிச்சு, வேற கோடு போட்டது நான்தான். என்னை மன்னியும்."

எதிரே பாய் சரசரத்தது.

"அதனால இவருக்கு இடுப்பு வலி தீர்ந்துச்சு. அதுக்கும் ஸ்தோத்திரம்."

தொண்டையைச் செருமுகிற சத்தம். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"சீட்டைப் பாக்காம கோட்டையே பாத்துட்டிருந்த இவரையும் மன்னியும். இவர் நல்ல மனுஷர். மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை காலையில, நான் கேக்காமலே, பீரோவைத் திறந்து இவர் கையாலேயே சாவியை எடுத்துக் குடுக்கிற கிருபையை இவருக்குத் தாரும். கேட்டதைத் தந்துட்டீர்னு விசுவாசிக்கிறோம்."

முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன். தெருவில் இரண்டு பைக் போனது. குக்கர் ஆறியிருக்கும்.

ரொம்ப நேரம் கழித்து, இருபத்தெட்டு வருஷம் ரிஜெக்ட் சொல்லியே பழகிய வாய், "ஆமென்" என்றது.