மூக்கையாவை ஓடவிடாத பஸ்

"ஐயா, ஓடாதீங்க, நின்னுட்டோம். கையக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் மஹ்ரூப், மூக்கையாவின் அக்குளில் கைகொடுத்து பஸ்ஸுக்குள் தூக்கிப் போட்டான்.

"தம்பி, நான் பஸ்ஸுக்கு ஓடல" என்றார் மூக்கையா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"அதான் ஏறிட்டீங்களே, இனி எதுக்கு ஓடணும்? முன்னால எடம் ஈக்குது, போய் உக்காருங்க."

பேராதனையிலிருந்து கலஹாவுக்குப் போகிற பஸ் அது. மேட்டில் முனகிக்கொண்டே ஏறியது. தான் ஓடி ஏற வேண்டிய மேடு ஜன்னலுக்கு வெளியே சொகுசாகப் பின்னால் போவதைப் பார்த்தபோது மூக்கையாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூக்கையா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வாலிபத்தில் தோட்டத்து ஓட்டப் பந்தயங்களில் அவருக்கு முன்னால் ஓடியவன் யாருமில்லை. போன வருஷம் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, நெஞ்சைத் திறந்து புதிதாக ஒன்றைப் போட்டார்கள். நல்ல வால்வுதான். பக்கத்தில் நின்றால் 'டிக் டிக்' என்று கேட்கும், அவ்வளவுதான் குறை. மெதுவாக ஓடிப் பழகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொல்லி என்ன செய்வது? வீட்டில் பாப்பம்மாவின் சட்டம் வேறு. தேங்காய் உரிக்கக் கூடாது. குனியக் கூடாது. பலமாகத் தும்மக்கூடாது. இந்த நிலைமையில், "நான் ஓடப் போகிறேன்" என்று அவளிடம் போய்ச் சொல்ல மூக்கையாவுக்குப் பைத்தியமா? கல்யாணமான நாளிலிருந்து அவர் அனுமதி கேட்டு அவள் கொடுத்ததாக ஒரு காரியமும் அவருக்கு ஞாபகமில்லை.

அவரைக் கிளப்பிவிட்டது கணபதிதான். சிறுவயதிலிருந்தே கூட ஓடி, எப்போதும் பின்னாலேயே வந்த ஆள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் அறுபது தாண்டியவர்களுக்கு ஓட்டம் வைத்திருக்கிறார்கள், பாலத்தடியில் தொடங்கி மேட்டுக்கு மேலே தோட்டத்து மைதானம் வரைக்கும் என்று சொல்லிவிட்டு, "நீ பந்தலுக்குள்ள உக்காந்து கை தட்டு மூக்கையா. குடிக்க சோடா குடுக்கச் சொல்றேன்" என்றார்.

அந்த சோடா மூக்கையாவின் நெஞ்சில் வால்வைவிட ஆழமாக இறங்கிவிட்டது. அந்த மேட்டை ஒரே ஒரு தடவையாவது சொந்தக் காலில் ஓடி ஏற வேண்டும். இல்லாவிட்டால் சாகும்வரை நோயாளிதான்.

ஆகவே பேக்கரியில் பாண் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார். சமதரையில் ஒரு தொந்தரவும் இல்லை. மேட்டில் கால் வைத்தால் போதும், எங்கிருந்தோ ஒரு பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். கண்டிச் சீமையில் வயதான மனிதன் ஓடுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு, அது பஸ். வேறு காரணம் இருக்கும் என்று நம்ப இங்கே யாரும் தயாரில்லை.

அன்று கலஹாவில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி, மத்தியானம் ஆகும்போது பாணோடு வீடு வந்து சேர்ந்தார்.

"ஏங்க, பக்கத்துக் கடையில பாண் இல்லையா?" என்றாள் பாப்பம்மா.

"கலஹா பாண்தான் மெதுவா இருக்கு புள்ள."

"அப்ப தெனமும் அதையே வாங்கிட்டு வாங்க."

ஓடிவிட்டு வந்தால் வால்வு தடதடவென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வீட்டுக்குள் வந்ததும் மூக்கையா நேரே சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வார். "மணிக்கூடு வேகமா ஓடுது போல" என்று பாப்பம்மா ஒரு நாள் அண்ணாந்து பார்த்தாள். "பழசாயிருச்சு" என்றார் மூக்கையா.

பாணுக்குப் போகிறவன் இவ்வளவு நேரம் வெளியே நிற்க முடியாதல்லவா? கணபதிக்கு வயிறு சரியில்லை, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அடுத்த பொய்யைச் சொன்னார். கணபதியின் வயிற்றைக் கெடுத்ததில் அவருக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

பாப்பம்மா உடனே கஞ்சி காய்ச்சிவிட்டாள். இப்போது மூக்கையா கையில் தூக்குச் சட்டியோடு ஓட வேண்டியதாயிற்று. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடினால் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போகிறார் என்றுதானே அர்த்தம்? முன்பு பஸ்ஸை நிறுத்தி ஏற்றினார்கள். இப்போது பயணிகளே இறங்கி வந்து ஏற்றினார்கள். கஞ்சியை மஹ்ரூப் குடித்தான்.

ஒரு நாள் கணபதியே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாங்கண்ணே. வயித்தால போறது நின்னுருச்சா?" என்றாள் பாப்பம்மா.

கணபதி திகைத்தார். அவளுக்குப் பின்னால் நின்ற மூக்கையா இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார்.

"நின்னுருச்சு தங்கச்சி" என்றார் கணபதி, எது நின்றது என்று தெரியாமலே.

"பாவம், எளச்சிட்டீங்க. இன்னும் ஒரு வாரம் கஞ்சி குடுத்து விடுறேன்."

மூக்கையா திசையை மாற்றிப் பார்த்தார். வீடு பள்ளத்தில் இருந்ததால் எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் ஒரு மேடுதான். கலஹா பஸ் அவரைக் கலஹாவில் கொண்டுபோய் விட்டதென்றால், பேராதனை பஸ் பேராதனையில் கொண்டுபோய் விட்டது. ஒருவனாவது டிக்கெட் கேட்டிருந்தால், காசில்லை என்று சொல்லி இறங்கியிருப்பார். கேட்கவும் மாட்டேன் என்கிறார்களே.

கடைசியில் ஓர் அட்டையில் 'நான் பஸ்ஸுக்கு ஓடவில்லை' என்று பெரிதாக எழுதி, கீழே சிங்களத்திலும் எழுதுவித்து, முதுகில் கட்டிக்கொண்டு ஓடினார். மேட்டடியில் மஹ்ரூப்பின் பஸ் வந்து நின்றது.

"முதுகுல என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சுப் பாரு தம்பி" என்றார் மூக்கையா.

"ஏறுங்க ஐயா, உள்ள போய் வாசிக்கிறேன்" என்றான் மஹ்ரூப்.

பந்தய நாளும் வந்துவிட்டது. மேட்டை ஒரு தடவைகூட ஓடி ஏறிப் பார்க்கவில்லை. போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பாப்பம்மாவிடம் சொல்லிவிட்டு, காலில் மாட்டி ஓட வாங்கிய புதுச் சப்பாத்தைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினார். அவளோ தானும் வேடிக்கை பார்க்க மைதானத்துக்கு வருவதாகச் சொன்னாள். மூக்கையா பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

விசில் ஊதினார்கள். கிழவர்கள் எல்லாரும் ஓடினார்கள். பாலத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, சமதரையில் மூக்கையா கணபதியை ஒட்டியே ஓடினார். கால் பழையபடி சொன்னதைக் கேட்டது. நெஞ்சும் 'டிக் டிக்' என்று ஒழுங்காகக் கூடவே வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மூக்கையா சந்தோஷமாக இருந்தார்.

மேடு வந்தது. பின்னால் ஹார்ன் சத்தமும் வந்தது.

"தம்பி, வேணாம், இது பந்தயம்" என்று மூக்கையா கெஞ்சினார்.

"பந்தயத்துக்கு நேரமாச்சா? அப்ப சுருக்கா ஏறுங்க" என்றான் மஹ்ரூப். அடுத்த நிமிஷம் மூக்கையாவின் சப்பாத்துக் கால்கள் தரையில் இல்லை.

வழியில் கணபதி நாக்குத் தள்ள ஏறிக்கொண்டிருந்தார். ஜன்னலில் மூக்கையாவின் முகம் தன்னைத் தாண்டிப் போவதைக் கண்டு நடுரோட்டில் நின்றுவிட்டார். மூக்கையா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார்.

மேட்டு உச்சியில் பஸ் நின்றதோ இல்லையோ, குதித்து இறங்கி மைதானத்தைப் பார்த்து ஓடினார். விஷயத்தைச் சொல்லி விலகிக்கொள்ளத்தான் ஓடினார். ஆனால் குறுக்கே நாடா கட்டியிருந்தது. அது அவர் நெஞ்சில் பட்டு அறுந்துவிட்டது.

ஊரே ஆர்ப்பரித்தது. "நெஞ்சத் தொறந்து தச்ச மனுசன், என்னா ஓட்டம்" என்று ஒலிபெருக்கியில் ஒருவர் தழுதழுத்தார். பரிசாக, சாய்ந்து உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொடுத்தார்கள். இத்தனை மாதங்களாக எந்தச் சாமானிலிருந்து தப்பப் பார்த்தாரோ, அதே சாமான். கூட்டத்தின் முன்வரிசையில் பாப்பம்மா வேர்வை துடைக்கும் துவாயோடு நின்றாள்.

"நான் ஜெயிக்கல. பஸ்ஸுல வந்தேன்" என்றார் மூக்கையா.

"பாருங்க, எவ்வளவு அடக்கம்" என்றது ஒலிபெருக்கி.

அதற்குள் கணபதி தள்ளாடி வந்து சேர்ந்தார். "அவன் பஸ்ஸுல வந்தான்யா" என்று கத்தினார். "பொறாம பிடிச்ச மனுசன்" என்று கூட்டம் அவரை அதட்டியது. "அவரு சொல்றது நெசம்" என்று மூக்கையா கணபதிக்குப் பரிந்து பேச, தோற்றவனை விட்டுக்கொடுக்காத பெருந்தன்மைக்கு இன்னொரு கைதட்டல் விழுந்தது.

மூக்கையாவின் கண் கலங்கிவிட்டது. ஓடாமலே கிடைத்த கைதட்டல், பந்தலுக்குள் குடிக்கும் சோடாவைவிடக் கேவலமாக இருந்தது. அப்போதுதான் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்த மஹ்ரூப் கண்ணில் பட்டான்.

"நீயே சொல்லு தம்பி. இந்த மேட்ட நான் ஓடியா ஏறுனேன்?"

மஹ்ரூப் பாப்பம்மாவைப் பார்த்தான். அவள் துவாயால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"பஸ்ஸுலதான் ஐயா வந்தீங்க. 'இந்த மனுசன் எனக்குத் தெரியாம எப்படியும் ஓடத்தான் போறாரு, சமதரையில ஆச தீர ஓடட்டும், மேடு வந்தா மட்டும் புடிச்சி ஏத்திருங்க'ன்னு, நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே பாப்பம்மா அக்கா இந்த ரோட்டு பஸ்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிட்டாங்க."