குண்டு மல்லாந்த விவரம்

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் இங்கே சௌக்கியம். பயிற்சிக்குப் போன இடத்தில் நீயும், உன்னோடு வந்த என் மகனும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்களிடம் விட்டுப்போன தங்க மீன்கள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பாய், எனக்கு வரிசை தப்பிவிடும். ஆகையால் கடிதம்.

நீ எழுதி வைத்த தாளில் 'காலை ஒரு சிட்டிகை, மாலை ஒரு சிட்டிகை தீனி' என்று இருந்தது. முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்தவன் நான். சிட்டிகை என்பது ஒரு அளவே கிடையாது. உன் அத்தையின் சிட்டிகையையும் என் சிட்டிகையையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்த்தேன். என்னுடையது மூன்று மடங்கு. வம்பே வேண்டாமென்று வேளைக்கு அரை டீஸ்பூன் என நிர்ணயம் செய்தேன். இரண்டும் மறுக்காமல் சாப்பிட்டன. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், நீ குண்டு என்று கூப்பிடுவாயே அது, வயிறு உப்பி, மல்லாக்க மிதக்குது. உன் அத்தை கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்துவிட்டு, "செவுள் அசையுது, உசிரு இருக்கு" என்றாள். அப்புறம், "சம்பந்தி அவளுக்குக் கடைசியா வாங்கிக் கொடுத்தது இது. அவர் போய் இன்னும் வருஷம் திரும்பலை" என்றும் சொன்னாள். அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். சட்டையை மாட்டிக்கொண்டு மீன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நான் சொன்னதை முழுதும் கேட்டுக்கொண்டு, "அதுக்கு வயித்துக்குள்ள ஒரு காத்துப் பை இருக்கு சார், மிதக்கறதே அதாலதான். அளவுக்கு மேல தின்னா வயிறு உப்பி அதை அமுக்கிடும். மூணு நாள் பட்டினி போடுங்க. நாலாம் நாள் ஒரு பச்சைப் பட்டாணிய வேக வச்சு, தோல உரிச்சு, நசுக்கிக் கொடுங்க" என்றார். மருந்து இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வீட்டுக்கு வந்தால் தொட்டித் தண்ணீர் கலங்கியிருந்தது. நோயாளி இருக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா என்று நினைத்து, முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டுக் குழாயைத் திறந்து நிரப்பினேன். கால் மணி நேரத்தில் நல்லா இருந்த மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. மறுபடி கடைக்கு ஓடினேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும் சார், செவுள எரிச்சிடும். வாரத்துக்குக் கால்வாசிதான் மாத்தணும்" என்று, குளோரினை முறிக்கிற சொட்டு மருந்து பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சொட்டு மருந்து ஊற்றினேன். சாயங்காலம் மூச்சு சீரானது.

அந்த மூணு நாள் பட்டினி எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. நான் எந்தப் பக்கம் நடந்தாலும் இரண்டும் அந்தப் பக்கம் வருதுங்க. குண்டு தலைகீழாகவே வருது. நாலாம் நாள் பத்து மணிக்குப் பட்டாணியை நான்காகப் பிளந்து கொடுத்தேன். மாலைக்குள் நிமிர்ந்துவிட்டது. உன் அத்தைக்கு இதிலெல்லாம் பொறுமை போதாது, பாவம். நான் ஒருவனாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. மறுவாரம் இன்னொரு மீனின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். உடனே அதைப் பக்கெட்டுக்கு மாற்றி, உப்பு கரைத்து, கடைக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். அவர் குனிந்து பார்த்து, "வெண்புள்ளி நோய்னா வால், உடம்பு பூரா உப்பு தூவின மாதிரி இருக்கும், மீனு தொட்டியில போய் உரசிக்கும். இது செவுள்ல மட்டும்தான் இருக்கு. ஆம்பள மீனு சார், பருவம் வந்தா இப்படிப் புள்ளி வரும். எதுக்கு ஜெயில்ல போட்டீங்க?" என்றார். விடுதலை செய்தேன். இப்போது இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் தீனி. புது மீன் வாங்கினால் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்றும் அறிந்துகொண்டேன். நான் வாங்கப் போவதில்லை.

பயிற்சி நல்லபடியாக முடிந்து, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருவரும் வந்து சேருங்கள். எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறை ஒட்டும் முன் உன் அத்தை இதை வாங்கிப் படித்தாள். மீன் மல்லாந்த அன்றே உனக்குப் போன் போட்டுவிட்டாளாம். நான் கொட்டிய தீனியில் முக்கால்வாசியை டீ வடிகட்டியால் அவள் அள்ளி எடுத்திராவிட்டால் நாலாம் நாள்வரைகூடத் தாங்கியிருக்காதாம். பட்டாணியும் நான் எழுந்திருக்கும் முன்பே கொடுத்தாயிற்றாம். நான் கொடுத்தது இரண்டாவது. "மாமாகிட்ட சொல்லாதீங்க அத்தை, அவரே குணப்படுத்தினதா இருக்கட்டும்" என்று நீ சொன்னாயாமே. ஆகவே மேலே 'நான்' என்று வருகிற இடங்களிலெல்லாம் 'அத்தை' என்று திருத்தி வாசிக்கவும். குழாய்த் தண்ணீர் விஷயத்தில் மட்டும் திருத்த வேண்டாம். அது நான்தான்.