ஏழாம் கேள்விக்கு நான் பொறுப்பில்லை, மாமா

தொண்டைமானாறு,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள கனகரத்தினம் மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சன்னிதி முருகன் கிருபையால் நீங்களும் மாமியும் ரொறன்ரோப் பனியில் வழுக்காமல் நடமாடுவீர்கள் என்று நம்புகிறேன். மரியாதை இவ்வளவுதான். இனி விஷயம்.

ஊர்ச்சங்கத் தலைவராகிய நீங்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான உதவிப்பண விண்ணப்பத்தை இணையத்தில் செய்து தரச் சொன்னீர்கள். செய்தேன். பெயர், பரீட்சைப் பெறுபேறு, வீட்டு வருமானம், எல்லாம் நியாயம். பிறகு ஏழாம் கேள்வி என்று ஒன்று அனுப்பினீர்கள்: "உங்கள் குடும்பத்துக்கு எந்தக் கோயிலில் எத்தனையாம் திருவிழா?" சாதி என்னவென்று நேரே கேட்டால் வழக்கு வரும், திருவிழா என்று கேட்டால் பக்தி! எந்த நாள் திருவிழா எந்தச் சாதிக்கு என்பது ஊருக்கே தெரியும், விடை ஒன்றுதானே. நானும் வாயை மூடிக்கொண்டு பதினாலு கோயில்களைப் பட்டியலாகப் போட்டேன். ஒன்றைத் தொடாவிட்டால் விண்ணப்பம் "குறைபாடு" என்று சிவப்பாக நிற்கும். அந்தச் சிவப்பில் இப்போது நிற்பது லவீனா. மயிலிட்டித் துறைமுகத்தில் வள்ள எஞ்சின் திருத்துகிற பிலிப்பு அண்ணையின் மகள், பொறியியல் பீடம் கிடைத்த பிள்ளை. எனக்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

"கீர்த்தியண்ணை, பதினாலையும் பார்த்திட்டன், எங்கடை மாதா கோயிலைக் காணேல்லை. அப்பான்ரை எஞ்சின் கொட்டிலையாவது போடுங்கோவன், ஞாயிறு தவிர நெடுக அங்கைதான் நிக்கிறவர்."

உங்களுக்குச் சொன்னேன். "குறைபாடெண்டால் தள்ளு" என்றீர்கள்.

"மாமா, உந்தக் காசில்லாட்டில் அவள் கம்பசுக்குப் போகேலாது."

"கெட்டிக்காரிதான், ஆர் இல்லையெண்டது? ஆனால் ஆக்கள் ஆரெண்டு தெரியவேணுமெல்லோ!"

"ஏன், சம்பந்தம் பேசப்போறியளோ?"

அதோடை போனை வைச்சியள்.

போன மாசம் உங்கடை மகன் ஜெயரூபனுக்குக் கனடாவிலை உதவிப்பணம் கேட்டு விண்ணப்பம் ஆர் நிரப்பித் தந்தது? நான்தான், இங்கையிருந்து, கரண்ட் இல்லாத நேரம் போன் வெளிச்சத்திலை. அதிலை இனம் என்னவெண்டு கேட்டதுக்கு நீங்கள் குதிச்ச குதி! "படிக்கிற பிள்ளையிட்டை உதென்ன கேள்வி? 'சொல்ல விருப்பமில்லை' எண்டதை அமத்து!" அமத்தினன். காசும் கிடைச்சுது. ரொறன்ரோவிலை இருக்கிற அந்த ஒரு வரி மயிலிட்டிக்கு வர விசா வேணுமோ?

ஆனபடியால் கேளுங்கோ. அவளை நான் தள்ளமாட்டன். உந்தக் கேள்வியைக் கண்டுபிடிச்சது நீங்கள், நான் உங்கடை சொல்லுக்கு அதை விண்ணப்பத்திலை போட்டுக் குடுத்தவன் மட்டும். எனக்குப் பொறுப்பில்லை. வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி, அதுக்கிடையிலை வேறை ஆளைப் பாருங்கோ. இண்டையோடை விலகிறன்.

மாமிக்கு என் அன்பு. ஜெயரூபன் நல்லாய்ப் படித்து மேலே வரட்டும். எத்தனையாம் திருவிழா என்று கேட்காமலே வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இனிச் சங்கத்தில் இல்லாத மருமகன்,
கீர்த்திகன்

பி.கு.: விலகிறதெண்டு சங்கத்தின்ரை பழைய கோப்புகளைக் கட்டேக்கை என்ரை விண்ணப்பம் அகப்பட்டுது. ஆறு வருசத்துக்கு முந்தி, இதே உதவிப்பணம். அப்ப ஏழாம் கேள்வியே இல்லை. ஆனால் கடைசி வரிக்குக் கீழை, ஒருத்தரும் கேளாமல், என்ரை கையெழுத்திலை: "எங்களுக்குப் பிள்ளையார் கோயிலில் ஆறாந் திருவிழா." பக்கத்திலை உங்கடை சிவப்புப் பேனை: "நல்ல விபரம். இனி எல்லாரிட்டையும் கேட்கவேணும்."

விலகலைத் திருப்பி எடுக்கிறன். கடவுச்சொல் இன்னும் என்னட்டைத்தான். ஏழாம் கேள்வியை இப்பத்தான் அழிச்சன். லவீனாவின்ரை விண்ணப்பம் பச்சையாய் நிக்குது: "பூரணம்."